வாதியாக ஒரு முறை, பிரதிவாதியாக ஒரு முறை

உலகப் போர்களுக்கு நடுவே – அத்தியாயம் 9

சென்ற அத்தியாயத்தில் ஆலந்துத் தீவுகளின் வழக்கைப் பார்த்தோம். ஸ்வீடிஷ் மொழி பேசும் அத்தீவு மக்கள் ஸ்வீடனோடு சேர விரும்பினார்கள். பின்லாந்து விட மறுத்தது. 1921 ஜூன் 24 அன்று சர்வதேச சங்கத்தின் கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. தீவுகள் பின்லாந்துக்கு, ஆனால் மொழிக்கும் தன்னாட்சிக்கும் உறுதியான பாதுகாப்பு உண்டு, ராணுவம் மட்டும் அங்கே காலூன்றக் கூடாது. ஸ்வீடனுக்கு மனக்குறைதான். இருந்தும் தீர்ப்புக்குத் தலைவணங்கியது. அந்த ஏற்பாடு நூறாண்டு தாண்டி இன்றும் நிற்கிறது.

அந்த வழக்கில் வாதி, பிரதிவாதி இருவருமே சட்டத்துக்குக் கட்டுப்படும் மனம் உள்ளவர்கள். யாரும் துப்பாக்கியைத் தூக்கவில்லை. அப்படிப்பட்ட சச்சரவைத் தீர்ப்பது ஒரு நடுவர் மன்றத்துக்குப் பெருமைதான். ஆனால் கடினமான சோதனை அல்ல. ஒரு தரப்பு வல்லரசாக இருந்து, பேச்சு தொடங்கும் முன்பே பீரங்கியை முழங்கவிட்டால் அந்த மன்றம் என்ன செய்யும்?

அந்தச் சோதனை 1923இலும் 1925இலும் அடுத்தடுத்து வந்தது. இரண்டு வழக்கிலும் ஒரு தரப்பு கிரீஸ். முதல் வழக்கில் அது அடிபட்ட நாடு. இரண்டாவதில் அடித்த நாடு. இரண்டிலும் கடைசியில் நஷ்டஈடு கட்டியதும் கிரீஸ்தான். இரண்டு போர்களுக்கு இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் உலக அமைதி ஏன் வேர்பிடிக்கவில்லை என்று கேட்பவர்கள், இந்த இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

காக்காவியா சாலையில் ஐந்து கொலைகள்

முதல் உலகப் போருக்குப் பின் அல்பேனியாவுக்கும் கிரீஸுக்கும் நடுவே எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பது முடிவாகாமல் கிடந்தது. அதை அளந்து குறிக்கும் பொறுப்பைப் பாரிஸில் இருந்த தூதர்கள் மாநாடு ஏற்றிருந்தது. போரில் வென்ற நாடுகள், உடன்படிக்கைகளை நிறைவேற்றுவதற்காகத் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட குழு அது. சர்வதேச சங்கத்துக்கு அது கட்டுப்பட்டதல்ல. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் திருப்பம் இதில்தான் இருக்கிறது.

எல்லைக் குழுவின் தலைவர் இத்தாலியைச் சேர்ந்த ஜெனரல் எந்ரிகோ தெல்லினி. 1923 ஆகஸ்ட் 27 காலையில் அவருடைய கார் யோவானினா நகரிலிருந்து காக்காவியா எல்லைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. மலைப்பாங்கான காட்டுச் சாலை. ஒரு வளைவில் வழியை அடைத்து மரம் கிடந்தது. கார் நின்றதும் ஓரத்திலிருந்து துப்பாக்கிகள் வெடித்தன. தெல்லினி, அவரோடு வந்த ராணுவ மருத்துவர், ஓர் இளம் அதிகாரி, ஓட்டுநர், அல்பேனிய மொழிபெயர்ப்பாளர் என ஐந்து பேரும் அங்கேயே இறந்தார்கள். அவர்களிடமிருந்த பொருள்கள் களவு போகவில்லை. கொள்ளைக்கான கொலை இல்லை என்பது அதிலிருந்தே தெரிந்தது. கொன்றவர்கள் யார் என்பது கடைசிவரை நிரூபணம் ஆகவில்லை. ஆனால் கொலை நடந்த இடம் கிரீஸின் மண். இத்தாலிக்கு அது போதுமானதாக இருந்தது.

முசோலினி ஆட்சிக்கு வந்து அப்போது பத்து மாதம். தன் நாட்டை உலகம் அஞ்ச வேண்டும் என்ற வெறி அவருக்கு இருந்தது. கிரீஸோ ஒரு பெருந்துயரத்தின் அடியில் கிடந்தது. 1922இல் துருக்கியிடம் தோற்று, ஆசியா மைனரிலிருந்து வேரோடு பெயர்க்கப்பட்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கர்கள் அகதிகளாக வந்து இறங்கியிருந்தார்கள். பள்ளிக்கூடம், தேவாலயம், பழைய கோட்டை என்று கூரை இருந்த இடமெல்லாம் அவர்கள் தங்கியிருந்தார்கள்.

ஆகஸ்ட் 29 அன்று இத்தாலியின் இறுதி எச்சரிக்கை ஏதென்ஸுக்கு வந்தது. கிரீஸ் அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும். இறந்தவர்களுக்கு ஏதென்ஸின் கத்தோலிக்கப் பேராலயத்தில் நடக்கும் சடங்குக்கு அமைச்சர்கள் எல்லாரும் வர வேண்டும். கிரேக்கக் கடற்படை இத்தாலியக் கொடிக்கு மரியாதை செலுத்த வேண்டும். இத்தாலிய ராணுவ அதிகாரியின் துணையோடு ஐந்து நாளில் விசாரணை முடிய வேண்டும். குற்றவாளிகளுக்கு மரண தண்டனை தர வேண்டும். ஐந்து நாளுக்குள் 5 கோடி லீரா நஷ்டஈடு கட்ட வேண்டும். இத்தனைக்கும் பதில் சொல்ல 24 மணி நேரம்.

கிரீஸ் பாதியை ஏற்றது. மன்னிப்புக்கும் சடங்குக்கும் அது தயங்கவில்லை. தன் மண்ணில் அயல்நாட்டு அதிகாரி வந்து விசாரிப்பதையும், குற்றம் யாருடையது என்று தெரியும் முன்பே தண்டத்தொகை கட்டுவதையும் மட்டும் இறையாண்மை உள்ள எந்த நாடும் ஏற்க முடியாது என்று மறுத்தது. சர்வதேச சங்கம் என்ன சொன்னாலும் கேட்கத் தயார் என்றும் தெரிவித்தது.

கோர்ஃபுவின் பழைய கோட்டை

ஆகஸ்ட் 31 அன்று அட்மிரல் சொலாரியின் தலைமையில் இத்தாலியக் கப்பல்கள் கோர்ஃபு தீவின் முன் வந்து நின்றன. கிரீஸின் மேற்குக் கரையை ஒட்டிய அழகான தீவு அது. துறைமுகத்துக்கு மேலே கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது, வெனிஸ் ஆட்சிக் காலத்தில் வலுப்படுத்தப்பட்ட பழைய கோட்டை. பெயர்தான் கோட்டை. எதிர்த்துச் சுடும் படை உள்ளே இல்லை. ஆசியா மைனரிலிருந்து தப்பி வந்த அகதிக் குடும்பங்கள் இருந்தன.

தீவை ஒப்படைக்கச் சொல்லி இத்தாலியர்கள் ஆணையிட்டார்கள். உள்ளூர் ஆட்சியர் மறுத்தார். மாலையில் கப்பல்கள் கோட்டையின் மேல் குண்டு பொழிந்தன. பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; இன்னும் பலர் காயமுற்றனர். இறந்தவர்கள் சிப்பாய்கள் அல்லர், அகதிகள். அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். துருக்கியிடமிருந்து உயிர் பிழைத்து வந்த குடும்பங்கள், தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சச்சரவில், அடைக்கலம் தேடி வந்த இடத்தில் மாண்டன. பிறகு இத்தாலியப் படை இறங்கித் தீவைப் பிடித்துக்கொண்டது. இது போர் அல்ல, கோரிக்கை நிறைவேறும்வரை கையில் வைத்துக்கொள்ளும் ஈடு மட்டுமே என்று ரோம் அறிவித்தது. கொலைக்கு முன்பே கோர்ஃபுமேல் முசோலினிக்குக் கண் இருந்தது, தெல்லினியின் சாவு அவருக்குக் காரணமாகக் கிடைத்தது என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகிறார்கள்.

செப்டம்பர் 1 அன்று கிரீஸ் சர்வதேச சங்கத்திடம் முறையிட்டது. சங்கத்தின் சாசனம் எல்லா உறுப்பு நாடுகளும் கையெழுத்திட்ட ஆவணம். 10ஆம் பிரிவு, ஒரு நாட்டின் எல்லையை இன்னொரு நாடு மீறாதபடி காப்பதாக எல்லாரும் சேர்ந்து தரும் வாக்குறுதி. 12ஆம் பிரிவு, தீராத சச்சரவை நடுவரிடமோ கவுன்சிலிடமோ கொண்டுபோக வேண்டும் என்கிறது. 15ஆம் பிரிவு, கவுன்சில் எப்படி விசாரிப்பது என்று வகுக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் உள்ளே அப்படியே அடங்குகிற வழக்கு இது. இத்தாலியோ கவுன்சிலில் நிரந்தர இடம் பெற்ற நான்கு வல்லரசுகளுள் ஒன்று.

ஜெனீவாவில் கிரீஸுக்காக நிக்கொலாஸ் பொலிட்டிஸ் வாதாடினார். சர்வதேசச் சட்டத்தில் அக்காலத்தின் பெரிய அறிஞர்களுள் ஒருவர். இத்தாலிக்காகப் பேசியவர் முன்னாள் பிரதமர் அந்தோனியோ சலாந்திரா. இது எங்கள் நாட்டின் மானப் பிரச்சினை, இதில் தலையிடச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்பது அவர் வாதம். அப்போது பிரிட்டனின் பிரதிநிதி ராபர்ட் செசில் செய்தது நினைவில் நிற்க வேண்டிய செயல். அவர் நீண்ட உரை எதுவும் ஆற்றவில்லை. சாசனத்தின் 10, 12, 15ஆம் பிரிவுகளை அவையில் உரக்கப் படிக்கச் சொன்னார். எல்லாரும் கையெழுத்திட்ட வரிகளை எல்லாரும் உட்கார்ந்து கேட்டார்கள். சின்ன நாடுகளின் பிரதிநிதிகள் ஜெனீவாவில் அப்போது ஆண்டுக் கூட்டத்துக்காகக் கூடியிருந்தார்கள். தங்கள் எதிர்காலமும் இந்த வழக்கில்தான் இருக்கிறது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

வழக்கு கைமாறியது

தலையிட்டால் சங்கத்தை விட்டே விலகுவோம் என்று முசோலினி மிரட்டினார். பிரான்ஸ் தயங்கியது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் அது ஜெர்மனியின் ரூர் பகுதிக்குள் படையை அனுப்பியிருந்தது. அந்த விவகாரத்தில் அதற்கு இத்தாலியின் ஆதரவு தேவை. அதைவிட, கடன் வசூலுக்காக அயல்நாட்டு மண்ணில் படையை நிறுத்துவது தவறு என்று ஜெனீவா தீர்ப்புச் சொல்லிவிட்டால், அடுத்த கேள்வி தன்னை நோக்கி வரும் என்ற அச்சம். பிரிட்டன் முதலில் காட்டிய உறுதி, பிரான்ஸ் இல்லாமல் தனியாக இத்தாலியோடு மோத வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும் தளர்ந்தது.

தெல்லினி தூதர்கள் மாநாட்டின் ஊழியர். ஆகவே அந்த மாநாடே இதைத் தீர்க்கட்டும் என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வழக்கு ஜெனீவாவிலிருந்து பாரிஸுக்கு நகர்ந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் பார்த்துக்கொண்டிருக்கும் திறந்த அவையிலிருந்து, வல்லரசுகளின் தூதர்கள் கதவை மூடிக்கொண்டு பேசும் அறைக்குப் போனது. மூடிய அறையில் சாசனத்தை உரக்கப் படிக்க யாரும் இல்லை. இத்தாலியோ அந்த மாநாட்டில் ஓர் உறுப்பினர்.

செப்டம்பர் 8 அன்று மாநாடு விதித்த நிபந்தனைகள் மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமானவை. கிரேக்கக் கடற்படை இத்தாலிக் கொடிக்கு மட்டுமல்லாமல், பிரிட்டன், பிரான்ஸ் கொடிகளுக்கும் மரியாதை செய்யும். ஜப்பானிய அதிகாரி தலைமையில் விசாரணைக் குழு அமையும். 5 கோடி லீராவைக் கிரீஸ் ஸ்விஸ் வங்கியில் வைப்பாகக் கட்ட வேண்டும். எவ்வளவு தர வேண்டும் என்பதை ஹேக் நகரின் நிரந்தர நீதிமன்றம் முடிவு செய்யும். கிரீஸ் ஏற்றது. நீதிமன்றத்தை நம்பி ஏற்றது.

ஆனால் வழக்கு அந்த நீதிமன்றத்துக்குப் போகவே இல்லை. குற்றவாளிகளைத் தேடுவதில் கிரேக்க அதிகாரிகள் அலட்சியம் காட்டினார்கள் என்று காரணம் சொல்லி, 5 கோடி லீரா முழுவதையும் இத்தாலிக்குக் கொடுக்கும்படி மாதக் கடைசியில் மாநாடே முடிவு செய்தது. செப்டம்பர் 27 அன்று இத்தாலியப் படை கோர்ஃபுவை விட்டு வெளியேறியது. முசோலினி முதல் நாள் கேட்ட தொகையில் ஒரு லீரா குறையவில்லை. பழைய கோட்டையில் இறந்த அகதிகளுக்கு நஷ்டஈடு என்ற பேச்சே எழவில்லை.

இத்தாலி தீவை விட்டுப் போய்விட்டதே, போர் மூளவில்லையே, அதனால் இதுவும் வெற்றிதான் என்று சொன்னவர்கள் அப்போதும் இருந்தார்கள். அந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பெரும்போரின் சாம்பல் ஆறாத காலம் அது. இன்னொரு போரைத் தவிர்ப்பது பெரிய காரியந்தான். ஆனால் தவிர்ப்பதற்குக் கொடுத்த விலை எது? சாசனம் சின்ன நாடுகளுக்குத் தந்த உறுதிமொழி.

அடுத்த ஆண்டு நடந்ததையும் சொல்ல வேண்டும். கோர்ஃபு விவகாரம் எழுப்பிய ஐந்து சட்டக் கேள்விகளுக்கு விடை சொல்லச் சட்ட வல்லுநர் குழு ஒன்றைக் கவுன்சில் அமைத்தது. 1924 மார்ச்சில் விடைகள் ஏற்கப்பட்டன. போர் என்று அறிவிக்காமல் வலுவந்தமாக ஒரு நிலப்பகுதியைப் பிடிப்பது சாசனத்துக்கு ஒத்ததா என்பது முக்கியமான கேள்வி. ஒத்ததாகவும் இருக்கலாம், ஒவ்வாததாகவும் இருக்கலாம், ஒவ்வொரு வழக்காகப் பார்க்க வேண்டும் என்று விடை வந்தது. தன் மண்ணில் நடக்கும் அரசியல் கொலைக்கு ஒரு நாடு எப்போது பொறுப்பு என்பது இன்னொரு கேள்வி. கொலையைத் தடுப்பதிலும் குற்றவாளியைத் தேடுவதிலும் தவறியிருந்தால் மட்டுமே பொறுப்பு என்றது குழு. கிரீஸ் தவறியதா இல்லையா என்பதை ஹேக் நீதிமன்றம் விசாரித்திருக்க வேண்டும். ஆனால் பணம் ஏற்கெனவே கைமாறிவிட்டது.

பெலாசித்சா மலையில் ஒரு வெள்ளைக் கொடி

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1925 அக்டோபர் 19. கிரீஸுக்கும் பல்கேரியாவுக்கும் நடுவே பெலாசித்சா மலைத்தொடரில் தெமிர் காப்பு என்ற கணவாய். இரு நாட்டுக் காவல் சாவடிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும் இடம். அங்கே துப்பாக்கிச் சண்டை மூண்டது. ஒரு கிரேக்கச் சிப்பாய் இறந்தார். சுடுவதை நிறுத்தச் சொல்லி வெள்ளைக் கொடியோடு முன்னே வந்த கிரேக்கக் கேப்டனும் சுடப்பட்டு இறந்தார். ஓடிப்போன நாயைத் துரத்திக்கொண்டு ஒரு சிப்பாய் எல்லை தாண்டியதால் வந்த சண்டை என்று பின்னாளில் ஒரு கதை பரவி, இதற்குத் தெருநாய்ப் போர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. அந்தக் கதைக்கு உறுதியான சான்று இல்லை. வெள்ளைக் கொடி பிடித்தவர் இறந்தது உண்மை.

ஏதென்ஸில் அப்போது ஜெனரல் பாங்கலோஸின் சர்வாதிகார ஆட்சி. பல்கேரியப் பட்டாளம் ஒன்று திரண்டு வந்து தாக்குவதாக எல்லையிலிருந்து மிகைப்படுத்தப்பட்ட செய்தி தலைநகருக்குப் போயிற்று. சரிபார்க்க யாரும் காத்திருக்கவில்லை. மன்னிப்பு, தண்டனை, நஷ்டஈடு கேட்டு 48 மணி நேரக் கெடு விதித்தார்கள். அந்தக் கெடு முடியும் முன்பே, அக்டோபர் 22 அன்று, கிரேக்கப் படை எல்லையைக் கடந்து பெத்ரிச் நகரை நோக்கி முன்னேறியது. வழியில் கிராமங்கள் குண்டடி பட்டன. குடியானவர்கள் மூட்டை முடிச்சோடு வடக்கே ஓடினார்கள். அச்சில நாள்களில் ஏறத்தாழ 50 பேர் இறந்ததாகப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள், பெரும்பாலோர் பல்கேரியர்கள்.

இரண்டு ஆண்டுக்கு முன் தனக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கிரீஸ் அப்படியே தன்னைவிட வலுவற்ற அண்டை நாட்டுக்கு இழைத்தது. 1919இல் கையெழுத்தான நெய்யி உடன்படிக்கை பல்கேரியாவின் படையை 20,000 பேராகச் சுருக்கியிருந்தது. எதிர்த்து நிற்க அதனிடம் வலுவில்லை. ஆகவே சோபியா அரசு ஒரு துணிச்சலான முடிவு எடுத்தது. சங்கத்துக்குத் தந்தி அடித்தது. அதே நேரத்தில் தன் படைக்கு ஓர் ஆணை அனுப்பியது: பெரிய அளவில் எதிர்க்க வேண்டாம், மக்களிடையே பீதி பரவாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வீணாக உயிர்களை இழக்காதீர்கள், வழக்கு சர்வதேச சங்கத்திடம் போயிருக்கிறது, படையெடுப்பை அது நிறுத்தும். தன் மண்ணில் அயல்படை நிற்கும்போது, இன்னும் வராத ஒரு தீர்ப்பை நம்பி ஓர் அரசு இப்படி ஆணையிட்டது. சங்கத்தின் வரலாறு முழுவதிலும் அதன்மேல் வைக்கப்பட்ட நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய சான்றை நான் கண்டதில்லை.

தந்தி முந்தியது

அக்டோபர் 23 அதிகாலையில் பல்கேரியாவின் முறையீடு சங்கத்தின் தலைமைச் செயலாளர் எரிக் டிரம்மண்டின் கைக்கு வந்தது. அவர் அன்றைக்கே பாரிஸில் இருந்த அரிஸ்தித் பிரியானோடு தொலைபேசியில் பேசினார். பிரான்ஸின் வெளியுறவு அமைச்சரான பிரியான்தான் அப்போது கவுன்சிலின் தலைவர். கவுன்சில் மூன்று நாளில் பாரிஸில் கூடும் என்று முடிவாயிற்று. கூடும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை பிரியான். படைகளை நிறுத்துங்கள், அவரவர் எல்லைக்குள் திரும்புங்கள் என்று இரு நாடுகளுக்கும் அவசரத் தந்தி அனுப்பினார். மறுநாள் காலை பெத்ரிச் நகரைத் தாக்கக் கிரேக்கப் படை ஆயத்தமாக இருந்தது. தந்தி அதற்குள் ஏதென்ஸைச் சேர்ந்தது. தாக்குதலை நிறுத்தும் ஆணை, குறித்த நேரத்துக்குச் சில மணி நேரம் முன்னதாக முன்னணிக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு நகரம் தப்பியது.

26ஆம் தேதி கவுன்சில் கூடியதும், தற்காப்புக்காகவே படை எல்லை தாண்டியது என்று கிரீஸ் வாதிட்டது. பிரியான் அதை ஏற்கவில்லை. சின்னச் சண்டைகளைச் சாக்காக வைத்துத் தற்காப்பு என்ற பெயரில் படை நடத்தும் பழக்கத்தை அனுமதித்தால் அது எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது, தற்காப்புக்கு வழி சங்கத்திடம் வருவதுதான் என்பது அவர் நிலை. படையைத் திரும்பப் பெற 24 மணி நேரத்தில் ஆணையிட வேண்டும், 60 மணி நேரத்தில் கடைசிச் சிப்பாயும் எல்லைக்குள் திரும்ப வேண்டும் என்று கவுன்சில் சொன்னது. பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி அதிகாரிகள் நேரில் போய்க் கண்காணித்தார்கள். கெடு முடியும் முன்பே கிரேக்கப் படை திரும்பிவிட்டது.

இங்கே கவுன்சில் கையாண்ட முறையைக் கவனிக்க வேண்டும். யார் முதலில் சுட்டது என்ற கேள்வியை அது முதலில் எடுக்கவே இல்லை. அதை எடுத்திருந்தால் வாதமும் எதிர்வாதமுமாக வாரங்கள் போயிருக்கும். அதற்குள் பெத்ரிச் விழுந்திருக்கும். சாசனத்தின் 11ஆம் பிரிவு, போரோ போர் அபாயமோ எங்கே எழுந்தாலும் அது சங்கம் முழுவதன் கவலை என்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, முதலில் படை விலகட்டும், குற்றம் யாருடையது என்பதைப் பிறகு விசாரிப்போம் என்றது கவுன்சில். அடிதடியை விலக்கிவிட்டு அப்புறம் பஞ்சாயத்தைத் தொடங்கும் ஊர்ப் பெரியவர்களின் விவேகம் இது.

விசாரணையும் ஒழுங்காக நடந்தது. பிரிட்டிஷ் தூதர் ஹோரஸ் ரம்போல்ட் தலைமையில் ஐவர் குழு எல்லைக்கே போனது. சாவடிகளைப் பார்த்தது, இரு தரப்பையும் கேட்டது. சண்டையை யாரும் திட்டமிட்டுத் தொடங்கவில்லை, ஆனால் படையெடுத்தது கிரீஸின் குற்றம் என்று கண்டது. டிசம்பரில் கவுன்சில் அறிக்கையை ஏற்று, கிரீஸ் 3 கோடி லெவா, ஏறத்தாழ 45,000 பவுன், பல்கேரியாவுக்குக் கட்ட வேண்டும் என்றது. இனி இப்படி நேராமலிருக்க, நடுநிலை நாடான ஸ்வீடனின் அதிகாரிகளை இரு நாட்டு எல்லைக் காவலோடும் சேர்க்கும் ஏற்பாட்டையும் பரிந்துரைத்தது. கிரீஸ் பணத்தைக் கட்டியது. துப்பாக்கி வெடித்த நாளிலிருந்து தீர்ப்பு வரை இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

ஒரே சட்டம், இரண்டு அளவுகோல்

இந்தத் தீர்ப்பு நியாயமானது. அதை வழங்கியவர்களின் வேகமும் ஒற்றுமையும் பாராட்டத் தக்கவை. ஆனால் அந்த ஒற்றுமை எங்கிருந்து வந்தது? எல்லைச் சண்டைக்கு மூன்று நாள் முன்பு, அக்டோபர் 16 அன்று, லொகார்னோ நகரில் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி எல்லாம் சேர்ந்து உடன்படிக்கைகளுக்கு இசைந்திருந்தன. வல்லரசுகளுக்குள் இப்படி ஓர் இணக்கம் அபூர்வம். கிரீஸைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் அவற்றில் எதற்கும் இல்லை. பாங்கலோஸுக்குப் பின்னால் நிற்க யாரும் இல்லை.

1923இல் செய்ததையும் 1925இல் செய்ததையும் கிரேக்கர்கள் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருப்பார்களா? பெரிய நாட்டுக்கு ஒரு நீதி, சின்ன நாட்டுக்கு ஒரு நீதியா என்று அவர்கள் கேட்டார்கள். 1925இல் அவர்கள் செய்தது குற்றம் என்பதால் அந்தக் கேள்வி செல்லாததாகிவிடாது. குற்றவாளி கேட்டாலும் சரியான கேள்வி சரியான கேள்விதான். இத்தாலி கோர்ஃபுவில் செய்ததும் கிரீஸ் பெத்ரிச் வழியில் செய்ததும் ஒரே குற்றம். ஆனால் ஒரு வழக்கில் படையெடுத்தவனுக்குப் பணம் கிடைத்தது. இன்னொன்றில் படையெடுத்தவன் பணம் கட்டினான்.

பெத்ரிச் வெற்றி ஜெனீவாவில் பெருமையோடு பேசப்பட்டது. நெருக்கடி நேரத்தில் தந்தியும் போக்குவரத்தும் தடைபடாமலிருக்க வழி தேடினார்கள். இது தேவையான வேலைதான். தந்தி சில மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்தோமே. ஆனால் கோர்ஃபுவில் தவறியது தந்தி அல்ல. கவுன்சிலில் நிரந்தர இடம் பெற்றவனே எல்லை மீறினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை தேட யாரும் முன்வரவில்லை. பெத்ரிச் வெற்றி கொடுத்த நிம்மதியில் அந்தக் கேள்வி அப்படியே கிடப்பில் போயிற்று.

முசோலினி மறக்கவில்லை. 1935 அக்டோபர் 3 அன்று இத்தாலியப் படை அபிசீனியாவுக்குள் நுழைந்தபோது, கோர்ஃபுவில் கற்ற பாடம் அவருக்குத் துணையாக இருந்தது. சங்கத்தை விட்டு விலகுவேன் என்று மிரட்டினால் பிரிட்டனும் பிரான்ஸும் தளரும் என்று அவருக்குத் தெரியும். சங்கம் பொருளாதாரத் தடை விதித்தது. ஆனால் படையை ஓட்டும் எண்ணெயை அந்தத் தடையில் சேர்க்கவில்லை. சூயஸ் கால்வாயை மூடவில்லை. 1936 ஜூன் 30 அன்று நாடிழந்த பேரரசர் ஹைலே செலாசி ஜெனீவாவில் எழுந்து நின்று பேசினார். அடுத்த மாதமே தடைகள் நீக்கப்பட்டன. சங்கத்தை நம்பி ராணுவத்தை அடக்கி வைக்க, பல்கேரியா 1925இல் செய்ததைப் போல, இனி எந்தச் சின்ன நாடும் துணியாது என்ற நிலை அதோடு வந்துவிட்டது.

சங்கத்திடம் சட்டம் இல்லாமல் இல்லை. நல்ல சட்டமே இருந்தது. திறமையான நடுவர்களும் இருந்தார்கள். பிரியானும் ரம்போல்டும் அதைக் காட்டினார்கள். தீர்ப்பை நிறைவேற்றும் வலுவும் இருந்தது என்பதற்குப் பெத்ரிச்சே சாட்சி. குறை வேறிடத்தில். நடுவர் இருக்கையில் அமர்ந்தவன் தானும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவன் என்று ஏற்றுக்கொள்ளாதவரை, அவன் பிறருக்குச் சொல்லும் நியாயமான தீர்ப்புக்கும் ஆயுள் குறைவு. வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்ற நிலையை மாற்றத்தான் 1919இல் அத்தனை நாடுகள் கூடிச் சாசனம் எழுதின. அந்த நோக்கம் உயர்ந்தது. சங்கத்துக்குப் பின் வந்த ஐக்கிய நாடுகள் சபையில் வல்லரசுகளுக்குத் தடுப்பு வாக்கு இருக்கும்வரை, கோர்ஃபுவில் எழுந்த கேள்விக்கு நம் காலமும் விடை சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்ள முடியாது.

அடுத்த அத்தியாயத்தில் 1931க்குப் போகிறோம். மஞ்சூரியாவில் ஒரு ரயில் பாதையில் வெடித்த குண்டு, கவுன்சிலின் இன்னொரு நிரந்தர உறுப்பினரான ஜப்பானைப் பிரதிவாதிக் கூண்டுக்குக் கொண்டுவந்தது. லிட்டன் பிரபுவின் குழு நேரில் போய் விசாரித்து அறிக்கை தந்தது. அதற்கு ஜப்பான் என்ன பதில் சொன்னது என்று பார்ப்போம்.

(தொடரும்)